அப்பாயியின் பதினேழரைப் பேர்

பழைய காலத்து மாகாண, மாவட்ட வருமானங்களை மதிப்பிட உட்கார்ந்திருக்கும் பொருளியலாளர்களுக்கும், புள்ளிவிபரக்காரர்களுக்கும், அவர்களுக்காகத் தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கும் ஆய்வு மாணவர்களுக்கும், இலங்கை மலைநாட்டு ஹட்டனிலிருந்து ஓய்வுபெற்ற கணித வாத்தியார் ஒருவர் எழுதுவது.

போன மாசியில் உங்களில் ஒரு பிள்ளை என் வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை. ரயிலில் வந்து இறங்கி, குளிரில் நடுங்கிக்கொண்டே மடிக்கணினியைத் திறந்து ஓர் அட்டவணையைக் காட்டினார். இடப்பக்கம் மாகாணங்கள், மேலே ஆண்டுகள். மத்திய மாகாணத்துக்கும் ஊவாவுக்கும் நேரே சில கட்டங்கள் மஞ்சளாகக் கிடந்தன. "சேர், இந்த மஞ்சள் கட்டங்களை நிரப்பத்தான் வந்தேன். அந்தக் காலத்தில் தோட்டத்தில் நாள் சம்பளம் எவ்வளவு என்று தெரிந்தால் போதும். அதை 25 ஆல் பெருக்கினால் மாதம், 12 ஆல் பெருக்கினால் வருடம்" என்றார்.

'போதும்' என்ற அந்தச் சொல்தான் என்னை எழுத வைத்தது.

தேத்தண்ணி குடித்து முடித்ததும் அப்பாயியின் (அப்பாவின் அம்மா) தகரப்பெட்டியை எடுத்து வந்தேன். அதில் அவருடைய சம்பளத் துண்டு ஒன்று இருக்கிறது, 1958 ஆம் ஆண்டுத் துண்டு. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மடித்த இடத்தில் கிழிந்து, மற்ற இடமெல்லாம் தேயிலைச் சாயம் பட்டதுபோலப் பழுத்துவிட்டது. மேலே செக்ரோல் (வேலை நாளும் சம்பளமும் எழுதும் தோட்டப் பதிவேடு) நம்பர். பெயர் எழுதும் இடத்தில் கிளாக்கர் தன் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். அப்பாயியை அந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டதில்லை. அதற்குக் கீழே 'பேர் 17½'. தோட்டத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். சொன்ன ராத்தல் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். அப்புறம் கழிவுகள் வரிசையாக வருகின்றன. அரிசி, மாவு, முற்பணம், டோபி, பாபர், கோயில், சங்கச் சந்தா. கடைசி வரியில் மிச்சம். அந்த மாதம் கைக்கு வந்தது ஒற்றை இலக்க ரூபாய்.

பிள்ளை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒரு தனியாளின் கதைதானே சேர்" என்றார். அவர் சொன்னது சரி. ஒரு துண்டை வைத்துக்கொண்டு ஒரு மாகாணத்தின் கணக்கை எழுத முடியாது. ஆனால் துண்டில் பதினேழரை, அவருடைய அட்டவணையில் 25. உண்மையைவிட நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கூடுதல். தை, மாசி வறட்சியில் எங்கள் பக்கம் கொழுந்து குறையும், சித்திரை வைகாசியில் கொட்டும். ஆகையால் ஒரு மாதத்துத் துண்டு வருடத்துக்குச் சாட்சி ஆகாதுதான். என்றாலும் பன்னிரண்டு மாதமும் 25 என்று போடுவதற்கு எந்தத் துண்டு சாட்சி?

உங்கள் வழிமுறை எனக்குப் புதிதல்ல. ஓய்வு பெற்ற பிறகு வாசிக்க நேரம் கிடைத்தது. அமெரிக்காவில் மாநிலவாரியான தனியாள் வருமானத்துக்கு 1929 இலிருந்து அதிகாரபூர்வமான தொடர் இருக்கிறது. அதற்கு முந்திய காலத்துக்கு ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1840, 1880, 1900 என்று சில ஆண்டுகளை எடுத்து, குடிசன மதிப்பீட்டுப் புத்தகங்களில் கிடந்த தொழில் கணக்கையும் உற்பத்திக் கணக்கையும் வைத்து மாநிலங்களுக்குப் பிரித்துக் காட்டினார். 2002 இல் ஃபிராங்க் கியரியும் டொம் ஸ்டார்க்கும் அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, இங்கிலாந்து முதலியவற்றுக்கு இன்னொரு வழி சொன்னார்கள். நாட்டின் மொத்த உற்பத்தி தெரியும். எந்தப் பகுதியில் எந்தத் துறையில் எத்தனை பேர் என்பதும் தெரியும். ஓர் ஆள் எவ்வளவு உற்பத்தி செய்தான் என்பது மட்டும் தெரியாது. அந்த இடத்தில் கூலியை வைத்துவிடு: கூலி கூடிய பகுதியில் ஆளுக்கு உற்பத்தியும் கூடுதல். கெட்டிக்கார யோசனை. பிறகு ஸ்பெயின், இத்தாலி, சுவீடன் என்று பல நாடுகளுக்கு அதை எடுத்துப் போனார்கள். இப்போது எங்கள் மலைக்கும் வந்திருக்கிறது.

சிக்கல் இங்கேதான். சம்பளம் பிடிக்காவிட்டால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவான், முதலாளி ஆளைப் பிடித்து வைக்கக் கூலியைக் கூட்டுவான் என்ற ஊர்களில் பிறந்த வழி அது. எங்கள் ஆட்கள் வந்தது, தமிழ்நாட்டில் ஆள் சேர்த்துக் கூட்டி வந்த கங்காணியின் கடனோடு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடன் எழுதிய துண்டுச் சீட்டும் கூடவே போகும். வாங்கும் தோட்டம் கடனை அடைத்து ஆளை எடுக்கும். 1921 இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை நிறுத்தினார்கள். துண்டு இருந்த காலத்துக் கூலி, உற்பத்தித் திறனைக் காட்டும் கண்ணாடி என்று ஒருவர் எழுதினால், எங்கள் லயத்து (தோட்ட வரிசை வீடு) கிழவிகள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிப்பார்கள்.

அதன் பிறகாவது கண்ணாடி ஆனதா? 1927 இல் இந்தியத் தொழிலாளருக்கான ஆகக்குறைந்த கூலிச் சட்டம் வந்தது. 1929 இன் தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்த நாள் கூலி இது: உயர்ந்த மலையில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. நடுமலையில் 52, 41, 31. கீழ்நாட்டில் 50, 40, 30. உயரத்துக்கு உயரம் இரண்டு சதம், ஒரு சதம். வாழ்க்கைச் செலவை முன்வைத்துப் பேசி முடித்த தொகைகள் இவை. திம்புலைத் தேயிலை என்ன விலை போனது, அவிசாவளைப் பக்கத்து ரப்பர் என்ன விலை போனது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆளுக்கு இவ்வளவு உற்பத்தி என்று இந்த 54 ஐயும் 50 ஐயும் வைத்து நீங்கள் பிரித்தால், மலைநாட்டுக்காரன் கீழ்நாட்டுக்காரனைவிட எட்டு வீதம் திறமைசாலி என்று வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் அளந்தது அதுவல்ல.

அந்த 43 ஐயும் கொஞ்சம் பாருங்கள். பெண்ணுக்கு ஆணின் கூலியில் ஐந்தில் நாலு பங்கு. கொழுந்து எடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கவ்வாத்துக்கும் (செடியை நறுக்குவது) கான் (வடிகால்) வெட்டவும் முள்ளால் மண்ணைக் குத்தவும் ஆண்கள். அட்டவணையில் 'தோட்டத் தொழிலாளர்' என்று ஒரே வரி போட்டு அதற்கு எதிரே ஆண் கூலியை எழுதியவர்களை நான் அறிவேன். ஆண் பெண் கூலி சமமானது 1984 இல்தான். அதுவரைக்கும் உங்களுக்கு மூன்று வரி வேண்டும், பிள்ளைகளையும் சேர்த்து. எங்கள் குடும்பங்களில் எட்டு ஒன்பது வயதிலேயே பிள்ளைகள் பிரட்டுக்களத்தில் (காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் இடம்) நின்றார்கள். அவர்களை 'வேலையில் இல்லாதோர்' பக்கத்தில் தள்ளினால் குடும்ப வருமானத்தில் ஒரு துண்டு காணாமல் போய்விடும்.

சரி, அரிசிக்கு வருவோம். 1929 இன் அந்த ஏற்பாட்டில் தோட்டம் கொடுக்கும் அரிசிக்கு உச்ச விலை ஒரு புசலுக்கு (பழைய முகத்தல் அளவு) 4 ரூபா 80 சதம். 54 சதக் கூலிக்காரன் ஒரு புசல் அரிசிக்கு ஒன்பது பேர் போட வேண்டும். அந்த அரிசியை அவன் கடையில் வாங்கவில்லை, செக்ரோலில் கழித்தார்கள். சந்தை விலை அதைவிடக் கூடுதலாக இருந்த மாதத்தில் வித்தியாசம் அவனுக்கு வருமானம். குறைவாக இருந்த மாதத்தில் அதே வித்தியாசம் அவன் சம்பளத்திலிருந்து போனது. இதைக் கணக்கில் எடுக்காமல் கூலியை மட்டும் கொழும்பு விலைச் சுட்டெண்ணால் வகுத்தால் கிடைக்கும் 'மெய் வருமானம்' யாருடையது என்று எனக்குத் தெரியாது. பின்னால் தோட்டத் தொழிலாளருக்கென்றே தனியான வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் இருந்தது, 1939 ஐ அடியாகக் கொண்டு. பஞ்சப்படி அதோடு கட்டப்பட்டிருந்தது. அது கிடைக்கும் ஆண்டுகளுக்கு அதை எடுங்கள். ஹட்டன் பஜாரில் ஒரு கொத்து அரிசி விற்ற விலையும் கொழும்புப் புறக்கோட்டை விலையும் ஒரு நாளும் ஒன்றாக இருந்ததில்லை.

லயன் காம்பராவுக்கு (லயத்து அறைக்கு) வாடகை மதிப்புப் போட்டு எங்கள் வருமானத்தில் கூட்டுவீர்கள் என்று தெரியும். கணக்கு விதிப்படி அது சரிதான், கூட்டுங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஓர் இஸ்தோப்பு (திண்ணை), தகரக் கூரை. கூட்டும் முன் ஓர் ஆடி மாதத்து இரவை அந்த இஸ்தோப்பில் கழித்துவிட்டு மதிப்புப் போட்டால் தொகை கொஞ்சம் நியாயமாக வரும் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 'மாகாண உற்பத்தி' வேறு, 'மாகாண மக்களின் தனியாள் வருமானம்' வேறு. உங்களுக்கு இது பால பாடம். ஆனால் அட்டவணையில் ஆண்டுக்கு ஒரே நெடுவரிசைதான் இருக்கிறது. மேலே 'வருமானம்' என்று எழுதி, கீழே உற்பத்தியைப் போட்டு வைத்திருக்கிறீர்கள். வேறு மாகாணங்களில் இந்தத் தவறு சின்னதாக இருக்கலாம். எங்கள் மலையில் அது மலையளவு.

கொழுந்து பறித்தது டிக்கோயாவில், வாட்டி அரைத்தது டிக்கோயா ஃபெக்டரியில். தேயிலை ஏலம் போனது லண்டன் மின்சிங் லேனில். 1883 இலிருந்து கொழும்பிலும். தோட்டத்தின் சொந்தக்காரக் கம்பனி ஸ்டெர்லிங் கம்பனியானால் பதிவு லண்டனில், ரூபாய்க் கம்பனியானால் கொழும்புக் கோட்டையில். கம்பனிக்காகத் தோட்டத்தை நடத்திய ஏஜென்சி ஹவுஸின் கமிஷனும் கோட்டையில்தான். பங்குலாபம் வாங்கிய கிழவர்கள் இங்கிலாந்தில். இலங்கையில் வருமான வரி 1932 இல் வந்தது. அந்த வரிக் கணக்கைப் பார்த்து இலாபத்தை மாவட்டங்களுக்குப் பிரிக்கலாம் என்று யாராவது ஆசைப்பட்டால், கோட்டையின் ஒரு சதுர மைல் இலங்கையின் மிகப் பெரிய தேயிலைத் தோட்டம் ஆகிவிடும்.

இதில் வெள்ளி ரூபாயின் கதையையும் சேர்க்க வேண்டும். 1870 களில் இரண்டு ஷில்லிங்குக்குக் கிட்ட இருந்த ரூபாய், வெள்ளி விலை விழுந்து விழுந்து 1890 களில் ஒரு ஷில்லிங்கை ஒட்டி வந்தது. தேயிலைக்குக் கிடைத்தது பவுண், கூலிக்குக் கொடுத்தது ரூபாய். கூலி அசையாமல் நின்ற அதே ஆண்டுகளில், ரூபாய்க் கணக்கில் ஓர் ஏக்கரின் பெறுமதி ஏறிக்கொண்டிருந்தது. கோப்பி நோய் வந்து செத்து, தேயிலை மலையெங்கும் பரவிய காலம் அது. அந்த ஆண்டுகளுக்கு 'மத்திய மாகாணத்தின் ஆளுக்குரிய வருமானம் உயர்ந்தது' என்று ஒரு கோடு வரைந்தால், அது மேலே போவதைப் பார்த்துச் சந்தோஷப்பட இந்த மலையில் ஆள் இருந்திருக்காது. அதனால் கேட்கிறேன், மலைநாட்டுக்கு இரண்டு நெடுவரிசை போடுங்கள். ஒன்று இங்கே விளைந்தது, மற்றது இங்கே இருந்தவர்கள் கைக்கு வந்தது. நடுவில் இருக்கும் இடைவெளிக்கு மூன்றாவது நெடுவரிசை தேவைப்படாது. வாசிக்கிறவர்கள் தாங்களே கழித்துக்கொள்வார்கள்.

கைக்கு வந்ததற்குள்ளும் ஒரு கை இருந்தது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் பெரிய கங்காணிக்குத் தலைக்காசு. தோட்டத்தின் கூலிச் செலவு என்று கம்பனிப் புத்தகத்தில் இருக்கும் தொகையைத் தலையெண்ணிக்கையால் வகுத்தால், கங்காணியின் காசையும் எங்கள் அப்பாயியின் மடியில் கட்டிவிடுவீர்கள். சில பெரிய கங்காணிகள் பிறகு தோட்டமே வாங்கினார்கள். அந்த வருமானமும் மலைநாட்டுத் தமிழன் வருமானம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது தனி வரி.

ஊருக்கு அனுப்பிய காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இராமநாதபுரத்துக்கும் போன மணியோடர், தனியாள் வருமானத்திலிருந்து கழியாது. சம்பாதித்தது இங்கே, அனுப்பியது அவர் விருப்பம். ஆனால் இங்கே சாப்பிட்ட அரிசியையும் வாங்கிய துணியையும் கூட்டி, அதிலிருந்து வருமானத்தைப் பின்னோக்கிக் கணிப்பவர்கள் அந்தக் காசை முழுசாகத் தொலைத்துவிடுவார்கள். இரண்டு வழியிலும் செய்து பார்த்து, விடை ஏன் வேறுபடுகிறது என்று ஓர் அத்தியாயம் எழுதலாம். நான் வாசிப்பேன்.

அடுத்தது எல்லைகள். இதைச் சொன்னபோது பிள்ளை பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். 1881 ஆம் ஆண்டின் மத்திய மாகாணம் இன்றைய மத்திய மாகாணம் அல்ல. பதுளையும் அப்புத்தளையும் அதற்குள் இருந்தன; ஊவா தனி மாகாணம் ஆனது 1886 இல். இரத்தினபுரியும் கேகாலையும் அப்போது மேல் மாகாணம்; சப்ரகமுவ பிறந்தது 1889 இல். அதற்கும் முன்னால் 1873 இல்தான் வடமத்திய மாகாணம் பிரிந்தது. மொனராகலை பதுளையிலிருந்து தனி மாவட்டமாகப் போனது 1959 இல். 1881 க்கும் 1891 க்கும் இடையில் மத்திய மாகாணத்தின் தோட்டத்து ஆட்கள் திடீரென்று குறைந்தால், பாதிக் காரணம் கோப்பியின் சாவு, பாதிக் காரணம் வரைபடம். எல்லைக் கோடுகளை இன்றைய மாவட்டங்களுக்குத் திருப்பி வரையுங்கள். ஃபெர்குசன் டைரக்டரியில் தோட்டம் தோட்டமாக ஏக்கரும் சொந்தக்காரரும் இருக்கின்றன. சலிப்பூட்டும் வேலைதான், ஒரு மாணவருக்கு ஒரு வருடம் பிடிக்கும். அது செய்யாமல் மற்றதெல்லாம் செய்வது அத்திவாரமில்லாமல் கூரை போடுவது.

எல்லை சரியானாலும் தலைகளின் எண்ணிக்கை சரியாகாது. முதல் முறையான குடிசன மதிப்பீடு 1871 மார்ச்சில். கோப்பி பழுக்கும் காலம் ஆகஸ்ட் தாண்டி வருட முடிவை ஒட்டி. பழம் பறிக்கக் கடல் தாண்டி வந்து, மாத்தளை வழியாக நடந்து ஏறிய ஆட்களில் எத்தனையோ பேர், கணக்கெடுப்பவர் வருவதற்குள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்துவிட்டார்கள். அவர்கள் உழைத்த கோப்பி உங்கள் பின்னத்தின் மேலே, தொகுதியில் இருக்கிறது; அவர்கள் கீழே, பகுதியில் இல்லை. (வழியிலேயே செத்தவர்கள் இரண்டிலும் இல்லை.) ஆகையால் கோப்பிக் காலத்து 'ஆளுக்குரிய' எண்கள் ஊதியிருக்கும். தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும், குடும்பமாக வந்து தங்கினார்கள். அங்கிருந்து இந்தத் தவறு சுருங்கும். அப்படியானால் கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறியபோது வருமானம் விழுந்ததுபோல் ஒரு தோற்றம் தானாகவே வரும். அதைப் பார்த்துக் கட்டுரை எழுதிவிடாதீர்கள். இன்னொரு ஓட்டை 1931. பொருளாதார மந்தத்தில் அரசாங்கத்திடம் காசில்லாமல் அந்த ஆண்டுக் கணக்கெடுப்பைச் சுருக்கிக்கொண்டார்கள். கூலியையே வெட்டிய ஆண்டுகள் அவை. 1921 க்கும் 1946 க்கும் நேர்கோடு இழுத்து நடுவை நிரப்பினால், மலைநாடு பட்ட மிக மோசமான ஆண்டுகளில் ஒரு பகுதி அந்தக் கோட்டுக்குக் கீழே புதைந்துவிடும். அந்த இடத்துக்கு, கண்டியில் இருந்த இந்திய அரசாங்க ஏஜெண்டின் ஆண்டறிக்கைகளைப் புரட்டுங்கள்.

தோட்டத்தைப் பற்றியே பேசுகிறேன், மலைநாடு என்றால் தோட்டம் மட்டும் அல்ல. பள்ளத்தில் வயலும் வீட்டுத் தோட்டமுமாகக் கண்டியச் சிங்களக் கிராமங்கள் இருக்கின்றன. பலா, கித்துள், மிளகு, பாக்கு, ஒரு போக நெல். விற்காமலே சாப்பிட்டதற்கு மதிப்புப் போட வேண்டிய வருமானம் அது. 1892 இல் நெல் வரியை எடுத்துவிட்டார்கள். கிராமத்தானுக்கு நல்லது, உங்களுக்குக் கெட்டது. எந்தக் கோரளையில் (பழைய நிர்வாகப் பிரிவு) எவ்வளவு விளைந்தது என்று எழுதி வைக்க அரசாங்கத்துக்கு இருந்த அக்கறை வரியோடு போய்விட்டது. பண்டாரவளைப் பஜாரில் புடவைக்கடை வைத்திருந்தவரும், வெலிமடையில் உருளைக்கிழங்கு போட்டவரும், பங்களாவில் இருந்த துரையும், லயத்தில் இருந்த நாங்களும் ஒரே மாவட்டச் சராசரிக்குள். ஒரு துரையின் சம்பளத்தை ஐம்பது லயங்களில் பரப்பினால் எல்லோரும் கொஞ்சம் பணக்காரர் ஆகிவிடுகிறோம்.

இந்தக் காலத்துத் தரவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல தரவுதான். மத்திய வங்கி 1953 இல் தொடங்கி 1963, 1973 என்று நுகர்வோர் நிதி அளவீடு எடுத்தது; நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்தே எடுத்தது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான செலவு அளவீட்டில் 2016 இல் ஒரு வீட்டின் சராசரி மாத வருமானம் நகரத்தில் 88,692 ரூபா, கிராமத்தில் 58,137, தோட்டத்தில் 34,804. நுவரெலியா மாவட்டத்துச் சனத்தொகையில் ஏறத்தாழ பாதி தோட்டப்புறம். இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டு. இன்றைய பங்கை அன்றைக்கும் வைத்துப் பார்ப்பது. இன்று இலங்கைத் தேயிலையில் பெரும்பகுதி சிறு தோட்ட உடைமையாளர்களுடையது, அதுவும் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம். அந்தப் பங்கை 1930 க்குத் தள்ளினால் தேயிலை மலையை விட்டு இறங்கித் தென்கரைக்குப் போய்விடும். இன்னொரு பக்கம், இன்று எங்கள் இளைஞர்கள் கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும், பெண்கள் மத்திய கிழக்கிலும் இருக்கிறார்கள். தீபாவளிக்கு வரும் காசில்தான் பல லயங்களில் சுவர் பூசுகிறார்கள். இது இங்கே விளையாத வருமானம், இங்கே வந்து சேர்கிறது. அந்தக் காலத்தில் நேர் எதிர். அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒவ்வோர் ஆண்டுக்கும் கேட்க வேண்டியிருக்கும்.

1970 களிலும் 80 களிலும் இன்னொரு பொறி இருக்கிறது. நாடற்றிருந்த எங்கள் ஆட்களைப் பற்றிய 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பேசினார்கள். மிச்சம் விட்ட 150,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாருக்கு ரயிலேறும் முன் ஊழியர் சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு போனார்கள். சில தோட்டங்களின் புத்தகத்தில் அந்த ஆண்டுகளில் தொழிலாளிக்குக் கொடுத்த தொகை பொங்கி நிற்கும். அது வருமானம் அல்ல, ஒரு வாழ்நாளின் சேமிப்பு கப்பலேறியது. அதே சமயம் தலை குறைகிறது. மேலே பொங்கியதைக் கீழே குறைந்ததால் வகுத்தால், 1973, 74 இல் பட்டினி கிடந்த தோட்டங்கள் அடுத்த சில வருடங்களில் செழித்துவிட்டதாக விடை வரும்.

சரி, குறை சொல்லியாயிற்று. என்ன செய்யலாம்? செக்ரோலைத் தேடுங்கள். நாள் கூலி வர்த்தமானியில் கிடைக்கும், அதைத் தேடி மலையேற வேண்டியதில்லை. ஓர் ஆள் மாதத்தில் எத்தனை பேர் போட்டார் என்பது செக்ரோலில் மட்டும்தான் இருக்கிறது. உயர்ந்த மலை, நடுமலை, கீழ்நாடு என்று உயரத்துக்கு நாலைந்து தோட்டம் போதும். எல்லா மாதமும் வேண்டாம், வருடத்துக்குக் கொழுந்து கொட்டும் ஒரு மாதம், காயும் ஒரு மாதம். ஊவாவுக்கு மாதங்களை மாற்றிக்கொள்ள வேண்டும், அங்கே பருவம் வேறு. ஆண், பெண், பிள்ளை தனித்தனியாகப் பேர் எண்ணுங்கள். கழிவுகளைத் தனியாக எழுதுங்கள், கூட்டி ஒரே தொகையாக்காதீர்கள். அரிசிக் கழிவும் சந்தாவும் ஒன்றல்ல.

இதில் அவசரம் இருக்கிறது. 1992 இல் தோட்டங்கள் அரசிடமிருந்து கம்பனிகளுக்குக் கைமாறிய காலத்தில், நான் பிறந்த தோட்டத்தில் பழைய ஏடுகளை ஃபெக்டரிக்குப் பின்னால் குவித்துக் கொளுத்தினார்கள். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, அறை வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் புகையைப் பார்த்துப் போய் இரண்டு புத்தகத்தை இழுத்தெடுத்தேன். ஒன்றின் முதுகு கருகியிருக்கிறது. தேசிய சுவடிகள் திணைக்களத்திலோ உங்கள் பல்கலைக்கழக நூலகத்திலோ இப்படிப்பட்ட ஏடுகளுக்கு ஓர் அலுமாரி ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டால் 'பார்ப்போம்' என்பார்கள். நீங்கள் கேட்டால் கடிதம் போடுவார்கள்.

அந்த இரண்டில் ஒன்றைப் பிள்ளைக்குக் காட்டினேன். ஓர் ஆளுக்கு ஒரு வரி, ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை கட்டங்கள். முழுப் பேருக்கு நேர்க்கோடு, அரைப்பேருக்குச் சாய்ந்த கோடு, வராத நாள் வெறுமை. வெறுமையான கட்டங்களில் சிலவற்றில் மட்டும் சிவப்பு மையில் சின்ன வட்டம். எல்லாப் பக்கத்திலும் இருந்தது, பெண்களின் வரிகளில் கூடுதலாக. அது என்ன என்று எனக்கு முப்பது வருடமாகத் தெரியாது. பிள்ளை அவற்றையும் வெறுமையோடு சேர்த்து 'வேலைக்கு வராத நாள்' என்று எண்ணினார். நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன்.

அவர் போன பிறகு மனம் கேட்காமல் பக்கத்து டிவிசனில் இருக்கும் ஒரு பழைய கணக்கப்பிள்ளையிடம் புத்தகத்தைக் கொண்டுபோனேன். அவருக்கு எண்பத்தெட்டு வயது, ஒரு கண்ணில் பார்வை இல்லை. புத்தகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தவர் உடனே சொன்னார். "இதா தம்பி? பிரட்டுக்கு வந்தவங்க. அன்னிக்கு வேலை பத்தாது, இல்லாட்டி கொஞ்சம் பிந்தி வந்திருப்பாங்க. பேர் போடாமத் திருப்பி அனுப்பினது. அடுத்த நாள் வேலை குடுக்க முதல்ல இவங்களைக் கூப்பிடணும்னு அடையாளம்."

வருகிற வைகாசிக்குள் உங்களில் யாராவது வந்தால் அவரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். இன்னும் நாலைந்து அடையாளங்கள் இருக்கின்றன, பச்சை மையில். காலையில் வாருங்கள், மத்தியானத்துக்கு மேல் அவர் தூங்கிவிடுவார்.